படைக்கலத் தொழிலில் தொழிலாளர் பயிற்சி: உதயகிரி வார்ப்புச்சாலை முதல் திறன்மிகு உற்பத்தி வரை

படைக்கலத் தொழிலில் தொழிலாளர் பயிற்சி என்பது பீரங்கி, துப்பாக்கி, வெடிமருந்து, கவச ஊர்தி போன்ற பாதுகாப்புத் தளவாடங்களைச் செய்யும் தொழிலாளருக்கு அளிக்கப்படும் தொழிற்பயிற்சியைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதன் வரலாற்றை, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள உதயகிரிக் கோட்டையின் வார்ப்புச்சாலையிலிருந்து தொடங்கலாம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, ஆவடி டாங்கித் தொழிற்சாலை என வளர்ந்து, கணினியும் உணர்விகளும் இயந்திரங்களை இணைக்கும் 'திறன்மிகு உற்பத்தி' வரை இவ்வரலாறு வந்துள்ளது. கற்ற திறனை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் அமைப்பு இருந்த இடத்தில் தொழில் நிலைத்தது; அவ்வமைப்பு இல்லாத இடத்தில் தொழிலும் மறைந்தது.

குளச்சல் போரும் டி லனாயும்

இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாகவும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம். மிளகு வணிகத்தை ஒட்டி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் (ஆட்சி: 1729-1758) ஏற்பட்ட பகை, 1741-இல் குளச்சலில் போராக முடிந்தது. டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யுஸ்டேசியஸ் பெனடிக்டஸ் டி லனாய்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தம் பணியில் சேர்த்துக்கொண்டார். முதலில் சிறு படைப்பிரிவு ஒன்றுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அளிக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அதில் கண்ட வெற்றியால் படை முழுவதையும் சீரமைக்கும் பணி அவரிடம் வந்தது. 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைக்கும் நிலைக்கு உயர்ந்த அவர், 1777-இல் இறக்கும் வரை திருவிதாங்கூரிலேயே வாழ்ந்தார். அவரது கல்லறை இலத்தீன், தமிழ்க் கல்வெட்டுகளுடன் உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது.

உதயகிரி வார்ப்புச்சாலை

உதயகிரிக் கோட்டை, குலசேகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் அமைந்துள்ளது. பழைய மண்கோட்டை இருந்த இடத்தில் டி லனாயின் மேற்பார்வையில் கருங்கல் மதில் எழுப்பப்பட்டது. கோட்டைக்குள் தனிக்குன்று ஒன்று உண்டு. இங்குதான் பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இயங்கியது. ஐரோப்பியரிடம் விலைக்கு வாங்கிய ஆயுதங்களையே நம்பியிருந்த ஓர் அரசு, தன் தலைநகருக்கு அருகிலேயே அவற்றைச் செய்யத் தொடங்கியது.

உலோகம் உருக்கும் வேலை இப்பகுதிக்குப் புதிதன்று. கோவில் விளக்கு, மணி, சிலை ஆகியவற்றை வார்க்கும் கம்மாளர் இங்கே வாழ்ந்தனர். உலை மூட்டவும், உருகிய உலோகத்தின் நிறம் பார்த்துப் பதம் அறியவும் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் பீரங்கி கேட்ட திறன் வேறு. சிலையில் ஒரு சிறு காற்றுக்குமிழ் இருந்தால் அதை அடைத்து மெருகிடலாம். பீரங்கிக் குழாயின் சுவரில் அதே குமிழ் இருந்தால், மருந்து வெடிக்கும்போது குழாயே பிளந்து இயக்குபவரைக் கொன்றுவிடும். குழாயின் துளை முழுநீளமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். குண்டுகள் அதற்குப் பொருந்த வேண்டும். ஒருவர் வார்த்த குண்டு மற்றொருவர் வார்த்த பீரங்கிக்குச் சேர வேண்டுமானால், இருவரும் ஒரே அளவுகோலைப் பின்பற்றியாக வேண்டும். கைத்திறனோடு அளவு ஒழுங்கும் தேவைப்பட்ட இத்தொழிலில், பயிற்சி இன்றியமையாததாயிற்று.

பயிற்சிக் குறையின் விலை அக்காலத்து ஐரோப்பாவிலும் கடுமையாகவே இருந்தது. 1716-இல் இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் வார்ப்பாலையில் பழைய பீரங்கிகளை உருக்கி மீண்டும் வார்த்தபோது, ஈரம் உலராத அச்சுக்குள் உருகிய உலோகம் பாய்ந்து பெருவெடிப்பு நேர்ந்தது. பலர் உயிரிழந்தனர். இதன்பின் ஆங்கில அரசு வூல்விச்சில் தனக்கென்று ஒரு வார்ப்பாலையை நிறுவியது. அதே வூல்விச்சில் 1741-இல் பீரங்கிப்படை, பொறியியல் அதிகாரிகளுக்கான பள்ளியும் தொடங்கப்பட்டது. கணிதமும் வரைபடமும் அங்கே பாடங்களாயின.

குளச்சல் போர் நடந்த ஆண்டும் இதுவே. இரண்டு இடங்களிலும் பீரங்கி செய்யப்பட்டது. வூல்விச்சில் உலைக்கூடத்தின் அருகே பள்ளி இருந்தது. உதயகிரியில் அறிவு ஒரு மனிதரிடமும், அவருடன் நின்று வேலை பழகியவர்களிடமும் தங்கியிருந்தது. திருவிதாங்கூரில் அத்தகைய பள்ளி உருவாகவில்லை.

1809-இல் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, ஆரல்வாய்மொழி அரண்களைக் கடந்துவந்த கம்பெனிப் படை உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளைக் கைப்பற்றியது. திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. படை இல்லாத அரசுக்குப் பீரங்கியும் தேவைப்படவில்லை. வார்ப்புத் தொழிலாளரின் திறன் மீண்டும் விளக்குக்கும் பாத்திரத்துக்கும் திரும்பியது. இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவும் அதனுள் இயங்குகிறது. வார்ப்புச்சாலை இருந்த இடம் அங்கு வருவோர் பார்க்கும் இடங்களுள் ஒன்றாக எஞ்சியிருக்கிறது.

அருவங்காடு: வேதித் தொழிலின் ஒழுங்கு

ஆங்கிலேயர் இந்தியாவில் படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவியபோது, நீலகிரியில் குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் அருகேயுள்ள அருவங்காட்டைத் தேர்ந்தெடுத்தனர். 1904-இல் உற்பத்தி தொடங்கிய இத்தொழிற்சாலை, 'கார்டைட்' எனும் புகை குறைந்த உந்துமருந்தைச் செய்தது. நைட்ரோகிளிசரின், நைட்ரோசெல்லுலோசு ஆகியவற்றைக் கலந்து இழையாகப் பிழிந்து எடுப்பது கார்டைட்.

இங்கே தேவைப்பட்ட பயிற்சி வார்ப்புக்காரரின் கண்பதம் அல்ல. விதி பிறழாத ஒழுங்கு. வெப்பநிலை, அமில அளவு, கலக்கும் நேரம் ஆகியவற்றைக் குறித்த எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். தீப்பொறி எழக்கூடிய எந்தப் பொருளும் உள்ளே வரக்கூடாது. ஒரு கட்டடத்தில் இத்தனை பேர், இத்தனை எடை மருந்து என்ற வரம்பு உண்டு. இவ்வகைக் கட்டடங்களில் வேலை செய்வோர் இன்றும் 'அபாயக் கட்டடத் தொழிலாளர்' என்றே அழைக்கப்படுகின்றனர். வேதி ஆலை இயக்குநர் என்ற பொருளில் 'ஏ.ஓ.சி.பி.' எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் தொழிற்பிரிவில் பயின்றோர் இப்பணிகளுக்கு எடுக்கப்படுகின்றனர்.

போர்க்காலப் பயிற்சியும் ஐ.டி.ஐ.க்களின் தோற்றமும்

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்தியத் தொழிற்சாலைகளில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் போன்றோருக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1940-இல் இந்திய அரசின் தொழிலாளர் துறை போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1941-இல் பிரிட்டனின் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரில் அமைந்த திட்டத்தின்கீழ் இந்திய இளைஞர்கள் தொகுதி தொகுதியாக இங்கிலாந்துத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் 'பெவின் பையன்கள்' எனப்பட்டனர்.

போர் முடிந்தபின், படையிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்குத் தொழில் கற்பிக்கவும் பயிற்சிக் கூடங்கள் பயன்பட்டன. இந்த அடித்தளத்தின்மேல் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் உருவானது. அதுவே இன்றைய ஐ.டி.ஐ.க்களின் தொடக்கம். 1956-இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டமும் ஒரே சான்றிதழும் வந்தன. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்சாலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களை எடுத்து, உதவித்தொகை தந்து பயிற்றுவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஒரு மனிதரிடம் தங்கியிருந்த தொழிலறிவு, அரசின் பாடத்திட்டமாகவும் தேர்வாகவும் சட்டமாகவும் மாறியது இக்காலத்தில்தான்.

ஆவடி: டாங்கியும் பழகுநர் பள்ளியும்

1961-இல் சென்னையை அடுத்த ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைக்கும் பணி தொடங்கியது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டின்படி 'விஜயந்தா' டாங்கி இங்கே உருவாக்கப்பட்டது. ஆவடியில் கட்டப்பட்ட முதல் விஜயந்தா 1965 இறுதியில் வெளிவந்தது. பின்னர் டி-72 'அஜேயா', டி-90 'பீஷ்மா', உள்நாட்டு வடிவமைப்பான 'அர்ஜுன்' ஆகியவையும் இங்கே செய்யப்பட்டன. டாங்கி எஞ்சின்களுக்கெனத் தனித் தொழிற்சாலை 1987-இல் ஆவடியிலேயே அமைந்தது. திருச்சிராப்பள்ளியில் சிறுரகத் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டது.

ஒரு டாங்கியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு. அவற்றைச் செய்யும் ஆட்களை வெளியே தேடிப் பெற முடியாத நிலையில், தொழிற்சாலைகள் தாமே பழகுநர்களைப் பயிற்றுவித்தன. இதற்கான நிறுவனங்கள் பின்னாளில் 'படைக்கலத் தொழிற்சாலைகள் கற்றல் நிறுவனம்' என்ற பெயர் பெற்றன. அவற்றுள் ஒன்று ஆவடியில் உள்ளது.

ஃபிட்டர் பயிற்சி எங்கும் அரத்தில்தான் தொடங்குகிறது. இரும்புக் கட்டி ஒன்றை அராவிச் சமதளமாக்கி, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் ஊடுருவாதபடி செய்ய வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இவ்வேலை, இயந்திரம் வந்தபின் எதற்கு என்று மாணவர் கேட்பதுண்டு. உலோகம் எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு தேயும் என்பதைக் கை அறிவதற்காகவே அது. அதன்பின் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் வெர்னியரும், 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டரும் கைக்கு வருகின்றன.

கவசத் தகடு பற்றவைக்கும் வெல்டரின் நிலை இன்னும் கடினமானது. கடினமான எஃகில் ஈரமுள்ள மின்கோலால் பற்றவைத்தால் ஹைட்ரஜன் இணைப்புக்குள் புகும். வேலை முடிந்தபோது இணைப்பு நன்றாகவே தோன்றும். பல மணி நேரம் கழித்து உள்ளே விரிசல் விடும். அதனால்தான் தகட்டை முன்கூட்டியே சூடேற்றவும், மின்கோலை அடுப்பில் உலர்த்தி எடுக்கவும் கற்பிக்கப்படுகிறது. ஈரம் உலராத அச்சால் மூர்ஃபீல்ட்ஸில் நேர்ந்த கேடும் இதுவும் இரண்டரை நூற்றாண்டு இடைவெளி கொண்டவை. கற்பிக்கும் பாடம் ஏறத்தாழ ஒன்றே.

திறன்மிகு உற்பத்தி: மாறியதும் மாறாததும்

2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் தொழிற்கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற சொல் அறிமுகமானது. நீராவி, மின்சாரம், கணினி ஆகியவற்றுக்குப் பின் வரும் நான்காம் தொழிற்புரட்சி என்பது இதன் கருத்து. இம்முறையில் இயங்கும் உற்பத்தியே திறன்மிகு உற்பத்தி எனப்படுகிறது. இதன் முக்கியக் கூறுகள்:

- கணினிக் கட்டளைப்படி வெட்டும் சி.என்.சி. இயந்திரங்கள்
- வெப்பம், அதிர்வு, மின்னோட்டம் ஆகியவற்றை நொடிதோறும் பதிவு செய்யும் உணர்விகள்
- பற்றவைக்கும் ரோபோக்கள்
- உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் செய்யும் முப்பரிமாண அச்சு
- இயந்திரத்தின் நிலையைக் கணினியில் அப்படியே காட்டும் எண்மிய இரட்டை

பாதுகாப்புத் தொழிலுக்கு இம்முறையில் தனிப்பயன் உண்டு. ஒவ்வொரு பாகத்தின் பிறப்பு வரலாறும் பதிவாகிறது. எந்த உலோகத் தொகுதியில் செய்தது, எந்த இயந்திரத்தில் வெட்டியது, இணைப்பின்போது மின்னோட்டம் எவ்வளவு இருந்தது என்பனவற்றைப் பல ஆண்டுகள் கழித்தும் தேடிப் பார்க்கலாம். களத்தில் ஒரு பாகம் பழுதானால், அதே தொகுதியில் செய்த மற்றவற்றையும் கண்டறிந்து மாற்றலாம்.

தொழிலாளரின் வேலையும் மாறுகிறது. கைப்பிடியைச் சுழற்றியவர் இப்போது நிரலைப் படிக்கிறார். வரைபடத்தில் உள்ள வடிவப் பிழை எல்லைகளை அறிகிறார். அளவுகள் மெல்ல விலகுவதை வரைகோட்டில் கண்டு, பாகம் கெடுவதற்கு முன்பே வெட்டுக்கருவியை மாற்றுகிறார். தரவு வெளியே கசியாமல் காப்பதும் அவர் பொறுப்பில் சேர்ந்துள்ளது. ஆயினும் பழைய திறன் வீணாகவில்லை. ரோபோ பற்றவைத்த இணைப்பு சரியா என்று முடிவு செய்பவருக்குப் பற்றவைப்புத் தெரிந்திருக்க வேண்டும். உணர்வி தவறாகக் காட்டுகிறதா, உலோகம் தவறாக நடக்கிறதா என்று பிரித்தறிவது, அரம் பிடித்துப் பழகியவருக்கே எளிது.

தொழில் வழித்தடமும் புதிய பயிற்சி மையங்களும்

2018 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு, மற்றொன்று தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு வழித்தடத்தை 2019 ஜனவரி 20 அன்று திருச்சிராப்பள்ளியில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் தொடங்கிவைத்தார். சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் இதன் முனையங்கள். தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ இதை ஒருங்கிணைக்கிறது.

டிட்கோ, பன்னாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து சிறப்பு மையங்களை அமைத்தது. சீமென்ஸ் நிறுவனத்துடன் திறன்மிகு உற்பத்திக்கான டான்சாம், தசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் கணினிவழி வடிவமைப்புக்கான டான்கேம், ஜி.இ. நிறுவனத்துடன் முப்பரிமாண அச்சு உள்ளிட்ட உயர்நிலை உற்பத்திக்கான டாம்கோ ஆகியவை அவை. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877.43 கோடி மதிப்பில் 4.0 தரத்துக்கு உயர்த்தும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது; முதற்கட்டமாக 22 நிலையங்களில் இம்மையங்கள் 2023-இல் திறக்கப்பட்டன.

இதே காலத்தில் தொழிற்சாலைகளின் அமைப்பும் மாறியது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு பொதுத்துறை நிறுவனங்கள் உருவாயின. ஆவடியின் டாங்கி, எஞ்சின் தொழிற்சாலைகள், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுவனத்தின்கீழ் வந்தன. அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தில் சேர்ந்தது. தொழிற்சங்கங்கள் இம்மாற்றத்தை எதிர்த்தன. அவ்வாண்டு இயற்றப்பட்ட இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. மியூனிஷன்ஸ் இந்தியாவின் தொழிற்சாலைகளில் அபாயக் கட்டடப் பணிகளுக்குக் காலவரையறை ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் முறையும் பரவியது. பழகுநர் பயிற்சி முடித்தால் நிலையான பணி என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பிய காலம் மாறிவருகிறது.

குமரி மாவட்டத்தின் நிலை

பீரங்கி வார்த்த உதயகிரி இருக்கும் மாவட்டம், இன்றைய வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் எதிலும் இல்லை. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை சூழ்ந்த மலையடிவாரப் பகுதியின் பொருளாதாரம் இரப்பரைச் சார்ந்தது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ.யும் அரசு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உள்ளன. அங்கே பயின்று, பெருந்தொழிற்சாலை வேலை தேடுவோர் சென்னைக்கும் ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர்.

எனினும் அண்மையிலேயே நுண்தொழில் மையங்கள் உள்ளன. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் 'கெல்டெக்' தொழிற்சாலையைப் பிரமோஸ் நிறுவனம் ஏற்று ஏவுகணைப் பாகங்கள் செய்யும் பிரிவாக மாற்றியது. மாவட்ட எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இயங்குகிறது. அது விண்வெளித் துறையைச் சேர்ந்தது என்றாலும், அங்கே தேவைப்படும் வெல்டிங், எந்திரவேலை, அளவீட்டுத் திறன்கள் ஒன்றே. மாவட்டத்து மாணவர் இவற்றில் பழகுநராகச் சேர வழி உண்டு. சேருமளவுக்கு அவர்களை ஆயத்தம் செய்வது உள்ளூர்ப் பயிற்சி நிலையங்களின் தரத்தைப் பொறுத்தது.

மதிப்பீடு

மூன்று காலங்களிலும் தொழில்நுட்பம் வெளியிலிருந்தே வந்தது. உதயகிரிக்கு அது டச்சுக் கம்பெனியின் சிறைக்கைதி வழியாகவும், ஆவடிக்கு விக்கர்ஸ் உடன்பாடு வழியாகவும், இன்றைய மையங்களுக்குப் பன்னாட்டு மென்பொருள், இயந்திர நிறுவனங்கள் வழியாகவும் வந்துள்ளது. வெளியிலிருந்து கற்பதில் குறையில்லை. கற்றதை யார் வைத்திருக்கிறார், யாருக்குக் கற்பிக்கிறார் என்பதே வேறுபாடு. உதயகிரியில் படை கலைந்ததும் தொழில் கலைந்தது. ஆவடியில் விஜயந்தா வழக்கொழிந்த பின்னும், அதைச் செய்யப் பழகிய தொழிற்சாலை அடுத்தடுத்த டாங்கிகளைச் செய்தது. பழகுநரைப் பயிற்றுவிக்கும் அமைப்பு அங்கே தொடர்ந்து இருந்தது.

திறன்மிகு உற்பத்தியில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. லேத் இயந்திரம் முப்பது ஆண்டு உழைக்கும். மென்பொருளின் உரிமம் சில ஆண்டுகளில் முடியும். ரோபோவும் முப்பரிமாண அச்சுப்பொறியும் பராமரிப்பும் புதுப்பித்தலும் இன்றிக் கிடந்தால், பூட்டிய அறையில் காட்சிப்பொருளாகிவிடும். பயிற்றுநர்கள் தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தக்காலம் வரை மட்டும் வந்துபோகாமல், ஐ.டி.ஐ.யின் நிரந்தர ஆசிரியர்களும் அதே அளவுக்குக் கற்றுத் தேர வேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் தொழிற்கூடத்துக்குச் சென்று தம் அறிவைப் புதுப்பிக்கவும் வாய்ப்பு வேண்டும். பாடநூல்கள் தமிழில் கிடைப்பதும் இதன் பகுதியே, ஐ.டி.ஐ.க்கு வருவோரில் பலர் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். நிரலின் கட்டளை ஆங்கில எழுத்தில் இருந்தாலும், அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதை அவர்கள் தம் மொழியில் விளங்கிக்கொண்டால்தான், இயந்திரம் நிற்கும்போது காரணம் தேட இயலும்.